லினக்ஸில் தானாக லாகின்: கேள்வி பதில்

கேள்வி: உபுண்டு பயன்படுத்துகிறேன். ஆன் செய்ததும் பாஸ்வேர்டு கேட்காமல் நேராக டெஸ்க்டாப் வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: செட்டிங்ஸில் யூசர்ஸ் பக்கத்தைத் திறந்து, முதலில் அன்லாக் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் லாகின் என்ற சுவிட்ச் அங்கேயே இருக்கும். டெர்மினல் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: என்னுடையது ஆர்ச் லினக்ஸ், லாகின் திரையைக் காட்டுவது லைட்டிடிஎம். அந்த சுவிட்ச் எதுவும் இல்லையே?

பதில்: லைட்டிடிஎம்மின் கான்ஃபிக் ஃபைலில், சீட் பகுதியில் ஆட்டோலாகின் யூசர் என்ற வரிக்கு எதிரே உங்கள் பயனர் பெயரை எழுதுங்கள். அந்த வரிக்கு முன்னால் ஹாஷ் குறி (#) இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆர்ச்சில் இன்னொன்றும் உண்டு: ஆட்டோலாகின் என்றே ஒரு குரூப் உருவாக்கி அதில் உங்களைச் சேர்க்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

கேள்வி: தானாக லாகின் ஆகிறது, சரி. ஆனால் குரோமைத் திறந்தால் கீரிங் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வருகிறது. இதற்கு முன்பு வந்ததே இல்லை.

பதில்: கீரிங் என்பது உங்கள் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பெட்டகம். முன்பும் அது பூட்டித்தான் இருந்தது, உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சேமித்த ரகசியங்களை க்னோம் டெஸ்க்டாப்பின் இந்தக் கீரிங் உங்கள் லாகின் பாஸ்வேர்டை வைத்தே என்கிரிப்ட் செய்கிறது. நீங்கள் லாகினில் அதைத் தட்டும்போது, லாகினைச் சரிபார்க்கும் பாம் (PAM) அதைக் கீரிங்குக்கும் கொடுத்து, சத்தமில்லாமல் திறந்துவிடும். இப்போது யாருமே தட்டவில்லை. கொடுக்க பாம் கையில் எதுவும் இல்லை.

கீரிங்குகளை நிர்வகிக்கும் சீஹார்ஸ் ஆப்பில் லாகின் கீரிங்கின் பாஸ்வேர்டைக் காலியாக மாற்றினால் பெட்டி வராது. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் என்கிரிப்ஷன் இல்லாமல் டிஸ்கில் கிடக்கும். டிவியோடு இணைத்த கம்ப்யூட்டரில் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் செய்ய மாட்டேன். ஒரு தடவை தட்டிவிட்டுப் போகலாம்.

கேள்வி: அப்படியானால் பாஸ்வேர்டே போய்விட்டதா? யார் வேண்டுமானாலும் சுடோ போட்டு அட்மின் வேலைகளைச் செய்யலாமா?

பதில்: இல்லை. சுடோ வழக்கம்போலக் கேட்கும், வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக எஸ்எஸ்ஹெச்சில் வந்தாலும் பாஸ்வேர்டோ சாவியோ வேண்டும். ஆனால் ஆன் செய்தவர் உங்கள் ஃபைல்களையெல்லாம் பார்க்கலாம். அதனால் லேப்டாப் என்றால் லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷன் முறையான லக்ஸ் போட்டு டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்துவிட்டு, அப்புறம் தானாக லாகின் வையுங்கள். பூட் ஆகும்போது ஒரு கேள்வி, அதோடு சரி.

கேள்வி: ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் மறுபடி கேட்கிறது.

பதில்: அது ஸ்கிரீன் லாக், வேறு விஷயம். பிரைவசி செட்டிங்ஸில் தனியாக அணைக்க வேண்டும்.

கேள்வி: டெஸ்க்டாப்பே இல்லாத மெஷினில்?

பதில்: முதல் டிடிஒய்யில் (எழுத்து மட்டும் வரும் திரை) லாகின் கேட்கும் கெட்டி (getty) சர்வீஸுக்கு, சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியில் ஒரு ஓவர்ரைடு (மாற்று அமைப்பு) எழுதி, அது இயக்கும் ஏகெட்டி புரோகிராமுக்கு ஆட்டோலாகின் ஆப்ஷனும் பயனர் பெயரும் கொடுங்கள். எதை இயக்க வேண்டும் என்று சொல்லும் புதிய எக்ஸெக்ஸ்டார்ட் வரிக்கு மேலே ஒரு காலி எக்ஸெக்ஸ்டார்ட் வரி அவசியம். அது பழையதை அழிக்கும். இல்லாவிட்டால் இரண்டு இருக்கிறது என்று சிஸ்டம்டி சர்வீஸையே மறுத்துவிடும். அந்தக் காலி வரியைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து நானே ஒரு முறை அழித்திருக்கிறேன். எஸ்எஸ்ஹெச் திறந்திருந்ததால் பிழைத்தேன்.