வெட்டுப்பட்ட கையைப் பார்த்துச் சிரிக்கலாமா?

கேள்வி: நீங்கள் பரிந்துரைத்த அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸின் துப்பறியும் நாவல்களைப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் வெட்டு, குத்து. ஆனாலும் சிரித்துவிட்டேன். வீட்டில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கே உறுத்துகிறது. வன்முறையை ரசிப்பது வக்கிரம்தானே?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று எழுதவில்லையே! 'தி ரியல் கூல் கில்லர்ஸ்' (1959) தொடக்கமாகத்தான் இருக்கும். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் ஒரு மதுக்கடை. கத்தியோடு பாயும் கிழவரின் கையைக் கடைக்காரர் கோடரியால் ஒரே போடு. கை கத்தியோடு பறந்துபோய் விழுகிறது. கிழவரோ எதிராளியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கையைத் தேடுகிறார். கத்தி அதில் அல்லவா இருக்கிறது!

அங்கே ரத்தத்தைப் பார்த்தா சிரித்தீர்கள்? கை போயும் வீம்பு போகவில்லையே, அதற்குத்தான் சிரித்திருப்பீர்கள்.

ஹைம்ஸ் ஒன்றும் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு கொலையைக் கற்பனை செய்தவர் இல்லை. 19 வயதில், கொள்ளை வழக்கில் 20 முதல் 25 ஆண்டுகள் தண்டனை பெற்று ஒஹாயோ சிறைக்குப் போனவர். 1930-இல் அந்தச் சிறை தீப்பிடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட கைதிகள் இறந்தார்கள். பலர் பூட்டிய அறைக்குள்ளேயே. அவர் தப்பினார், அதைக் கதையாகவும் எழுதினார். துப்பறியும் நாவல்கள் பின்னால், பாரிஸில், பதிப்பாளர் ஒருவர் கேட்டதால், பணத்துக்காக எழுதியவை. (பணத்துக்காக எழுதினால் மட்டம் என்பவர்களுக்கு இன்னொரு நாள் பதில் சொல்கிறேன்.)

தேநீரில் விஷம் வைத்துக் கொன்று, பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து புதிர் அவிழ்க்கும் நாவல்களைக் குடும்பத்தோடு படிக்கிறோம். செத்தவருக்காக அங்கே யாரும் அரை நிமிஷம் வருந்துவதில்லை. உங்களை ஒரு மாதிரிப் பார்க்கும் அதே வீட்டார், ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஹீரோ இருபது பேரைப் பந்தாடும்போது கை தட்டுகிறார்களா இல்லையா? அது மட்டும் உறுத்தவில்லை, அப்படித்தானே?

அதற்காக இந்த வகையில் வரும் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பெண் அடிவாங்குவதை ருசித்து ருசித்து எழுதும் குப்பைகள் ஏராளம். ஹைம்ஸிடமே சில இடங்கள் இடிக்கும். அங்கெல்லாம் சிரிப்பு வரவில்லை என்றால் நல்லதுதான்.

அடுத்து, 'பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்' (1969) படியுங்கள். பார்வையில்லாத ஒருவர் ரயிலில் துப்பாக்கியை எடுத்துக் குத்துமதிப்பாகச் சுடுகிறார். சிரிப்பு எந்தப் பக்கத்தில் நின்றது என்று மறக்காமல் எழுதுங்கள்.