புடவை கட்டிய இரவுப் பாட்டு

கேள்வி: கொல்கத்தா போகிறோம். இரவில் குடும்பத்தோடு உட்கார்ந்து நேரடியாகப் பாட்டுக் கேட்க நல்ல இடம் உண்டா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தயங்காமல் பார்க் ஸ்ட்ரீட் ட்ரின்காஸ் உணவகத்துக்குப் போங்கள். சாப்பிடும் மேசைகளுக்கு எதிரிலேயே மேடை. போன முறை நாங்கள் மேடையை ஒட்டி உட்கார்ந்தோம். டிரம்ஸ் சத்தத்தில் மனைவி பேசியது காதில் விழவேயில்லை. நீங்கள் கொஞ்சம் தள்ளி இடம் கேளுங்கள்.

பாப் பாடகி உஷா உதுப் பாடிய மேடை அது. அதற்கு முன்பே, 1969இல், சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் அவர் பாடத் தொடங்கிவிட்டார். அதுவும் புடவை கட்டிக்கொண்டு! எனக்கு அதில் இன்றும் அவ்வளவு பெருமை. அப்புறம், சனிக்கிழமை என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள்.