டிரிப்டேஸ் பரிசோதனைக்கு ஏன் இரண்டு முறை ரத்தம் எடுக்கிறார்கள்?

ஒற்றை அளவு ஏமாற்றிவிடும் என்பதால்தான்.

டிரிப்டேஸ், ஒவ்வாமையில் பங்கெடுக்கும் நோயெதிர்ப்புச் செல்களான மாஸ்ட் செல்களின் துகள்களில் ஹெப்பாரின் என்ற பொருளோடு சேர்ந்திருக்கும் புரதம் வெட்டும் நொதி. நான்கு அலகுகள் வளையமாகக் கூடி, வெட்டும் இடங்கள் நான்கும் நடுத்துளையைப் பார்த்தபடி இருக்கும். ரத்தத்திலுள்ள பெரிய தடுப்புப் புரதங்களால் அந்தத் துளைக்குள் நுழைய முடியாது. அபாரமான அமைப்பு!

அனாபிலாக்ஸிஸ் எனும் கடும் ஒவ்வாமையில் செல்கள் துகள்களைக் கொட்டியதும் ரத்தத்தில் இதன் அளவு ஏறி, 1 முதல் 2 மணி நேரத்தில் உச்சம் தொடும். பிறகு சுமார் 2 மணி நேரத்துக்கொரு முறை பாதியாகும். ஆகவே முதல் மாதிரியை அறிகுறிகள் தொடங்கி 2 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 4 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஆனால் அதற்காக உயிர்காக்கும் அட்ரினலின் ஊசியை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவது மாதிரி, அறிகுறிகள் முழுதாக அடங்கி 24 மணி நேரமாவது கழித்து. இதுதான் நோயாளியின் அடிப்படை அளவு. அதை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். அடிப்படை 5 நானோகிராம்/மில்லி என்றால் வரம்பு 8. முதல் மாதிரி 9 காட்டியிருந்தால் மாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டிருக்கின்றன. பல ஆய்வகங்களின் இயல்பு வரம்பு 11.4 என்பதால், அறிக்கையில் அதே 9 ‘இயல்பு’ என்றே வந்திருக்கும்.

உணவு ஒவ்வாமையில் பெரும்பாலும் அளவு ஏறுவதே இல்லை. அளவு ஏறவில்லை என்பதற்காக அனாபிலாக்ஸிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது.