கயிற்றை ஏன் கழற்றினார்?

கே: 'கிராவிட்டி' படத்தை மறுபடி பார்த்தேன். ஹப்பிள் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் விபத்து. அங்கிருந்து முதுகில் மாட்டிய ஜெட்டை வைத்தே விண்வெளி நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். நடக்கிற காரியமா?

ப: நடக்கவே நடக்காது. படம் வந்த சமயத்தில் ஹப்பிள் 550 கி.மீ. உயரத்தை ஒட்டி, நிலையம் 400 கி.மீ.யை ஒட்டி, அதைக்கூட எப்படியோ சமாளித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிக்கல் பாதையின் சாய்வில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு ஹப்பிளின் பாதை 28.5 டிகிரி சாய்வு, நிலையத்தினுடையது 51.6. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நொடிக்குச் சுமார் 3 கி.மீ. வேக மாற்றம் வேண்டும், நாசா 1984-இல் நிஜமாகவே பயன்படுத்திய முதுகு ஜெட்டால் முடிந்ததோ நொடிக்கு 25 மீட்டருக்குள்தான். ஜெட்டை விடுங்கள், நாசாவின் விண்வெளி ஓடமான ஷட்டிலாலேயே முடியாது. 2003-இல் கொலம்பியா என்ற ஷட்டில் நொறுங்கிய பிறகு ஹப்பிளைப் பழுதுபார்க்கப் போக நாசா தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்: வழியில் ஏதாவது ஆனால் நிலையத்தில் போய் ஒதுங்க முடியாது. அதனால் 2009 மே மாதம் அட்லாண்டிஸ் ஷட்டில் ஹப்பிளுக்குக் கிளம்பியபோது, இன்னொரு ஏவுதளத்தில் எண்டெவர் ஷட்டிலை மீட்புக்கென்றே தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைத்தான் யாராவது படமாக எடுக்க வேண்டும்!

கே: சாண்ட்ரா புல்லக்காவது பிழைக்கட்டும் என்று ஜார்ஜ் குளூனி இருவரையும் பிணைத்த கயிற்றைக் கழற்றிவிட்டு மிதந்து போகும்போது அழுதுவிட்டேன். நண்பரோ, "லேசாக இழுத்திருந்தாலே வந்திருப்பார்" என்று கிண்டல் செய்கிறார்.

ப: நண்பர் சொல்வது சரிதான். இருவரும் நின்றுவிட்ட பிறகு அவரை அப்பால் இழுக்க விசை ஏது? சாண்ட்ரா புல்லக் ஒரு சுண்டு சுண்டியிருந்தால் மிதந்து வந்து சேர்ந்திருப்பார். நிலையம் சுழன்றுகொண்டிருந்தது, புல்லக்கின் காலில் சிக்கிய பாராசூட் கயிறுகள் இன்னும் நீண்டுகொண்டிருந்தன என்று வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு, ஆனால் திரையில் அப்படித் தெரியவில்லையே. அப்புறம், படத்தில் கண்ணீர் முத்து முத்தாக மிதக்கிறது இல்லையா, அதுவும் தப்பு. அங்கே கண்ணீர் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு உருண்டையாகப் பெருகும். கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் நிலையத்தில் இருந்தபோது தண்ணீரைக் கண்ணில் விட்டுக் காட்டியிருக்கிறார். நீங்கள் அழுததில் தப்பில்லை.

கே: இத்தனை ஓட்டை இருந்தும் 7 ஆஸ்கரா?

ப: ஆஸ்கரை இயற்பியலுக்கா கொடுக்கிறார்கள்? தவிர, முக்கியமான விஷயத்தில் படம் ஏமாற்றவில்லை. கதையில் ரஷ்யா தன் செயற்கைக்கோளையே ஏவுகணையால் அடிக்கும், சிதறல்கள் பாய்ந்து வரும். 2013-இல் வந்த படம். 2021 நவம்பரில் ரஷ்யா நிஜமாகவே அதைச் செய்தது, நிலையத்தில் இருந்த 7 பேரும் தங்கள் விண்கலங்களுக்குள் போய் ஒதுங்கினார்கள்.

கே: இதே மாதிரி பழைய படம் ஏதாவது?

ப: 1969-இல் வந்த 'மரூன்ட்'. எஞ்சின் இயங்காமல் 3 பேர் பூமியைச் சுற்றியபடி மாட்டிக்கொள்வார்கள். படம் வந்து சில மாதங்களில், 1970 ஏப்ரலில், அப்போலோ 13 விபத்து! 'கிராவிட்டி' எடுத்த அல்ஃபோன்சோ குவாரோனின் 'ரோமா'வில் பிள்ளைகள் தியேட்டருக்குப் போய்ப் பார்ப்பதும் இந்தப் படத்தைத்தான். ரொம்ப மெதுவாக நகரும், பொறுமை இருந்தால் பாருங்கள்.