அஞ்சு சென்ட்டுக்கு அஞ்சு மைல் போகலாமா?

கேள்வி: பெட்ரோல் காலனுக்கு 5 சென்ட் கம்மின்னு எங்க வீட்டுக்காரர் 5 மைல் தள்ளி இருக்கிற பங்க்குக்கு கார எடுத்துட்டு போறாரு. நான் க்ரோகர் சூப்பர் மார்க்கெட்ல மளிகை வாங்கி, பெட்ரோல் தள்ளுபடிக்கு அவங்க குடுக்கிற ஃப்யூயல் பாயிண்ட்ஸ் சேக்குறேன். யாரு பண்றது சரி? (வாசகி, ஒஹாயோ)

பதில்: உங்க வீட்டுக்காரர்கிட்ட இத சத்தமா படிச்சுக் காட்டிடாதீங்க. 15 காலன் போட்டா அவருக்கு மிச்சம் 75 சென்ட், ஆனா போக வர 10 மைல், காலனுக்கு 25 மைல் குடுக்கிற வண்டின்னா 0.4 காலன் அதுலயே போயிடும், காலன் 3 டாலர்னு வெச்சாக்கூட 1 டாலர் 20 சென்ட். சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கததான். ஆபீஸ் போற வழியில இருந்தா தாராளமா போடட்டும், அது வேற விஷயம்.

உங்க பாயிண்ட்ஸ் பரவால்ல. ஒரு டாலருக்கு ஒரு பாயிண்ட், 100 பாயிண்ட்டுக்கு காலனுக்கு 10 சென்ட் தள்ளுபடி, அதாவது 15 காலனுக்கு ஒன்றர டாலர், நூறு டாலர் மளிகைக்கு வெறும் ஒன்றர பர்சன்ட்தாங்க! அதே மளிகை வேற கடையில 5 டாலர் கம்மியா கெடச்சா பாயிண்ட்ட மறந்துட்டு அங்க வாங்குங்க. எப்படியும் க்ரோகர்லதான் வாங்குவீங்கன்னா டேங்க் நல்லா காலியானப்புறம் பாயிண்ட்ட யூஸ் பண்ணுங்க, தள்ளுபடி ஒரு தடவ போடுறதுக்குத்தான், பாதி டேங்க்ல போட்டா பாதி போச்சு. சேத்த மாசத்துக்கு அடுத்த மாசக் கடைசியோட பாயிண்ட் காலாவதி ஆயிடும், அதையும் பாத்துக்கோங்க.