காட்டு ஸ்ட்ராபெரியின் மரபணுக்களை அறிய மாதிரி எடுத்தால் போதுமா?

முழு மரபணுத்தொகுதியையும் படிக்காமல், அங்கங்கே சில துண்டுகளை மட்டும் பார்த்து முடிவுக்கு வரலாமா என்று பாளையங்கோட்டையில் தாவரவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஓரளவுக்கு வரலாம். அம்பாசமுத்திரம் பக்கம் நெல் வியாபாரி மூட்டையில் குத்தூசியை விட்டு, வருகிற கைப்பிடி நெல்லை வைத்தே தரம் சொல்வாரே, அதே முறைதான்.

இளந்தளிரைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்து டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். (முற்றிய இலை வேண்டாம், அதிலுள்ள பாலிபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் வேலையைக் கெடுக்கும்.) அதைச் சுமார் 40,000 எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகு) நீளத் துண்டுகளாக்கி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்குவார்கள். அப்புறம் சில துண்டுகளைப் பொறுக்காமல், கைக்கு வந்தபடி எடுத்து, அவற்றின் எழுத்து வரிசையைப் படித்து, மரபணு எத்தனை, திரும்பத் திரும்ப வரும் பகுதி எவ்வளவு என்று எண்ணுவார்கள்.

இந்தப் 'பொறுக்காமல்' என்பதுதான் உயிர்நாடி. மரபணுக்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுங்கிய பகுதி) பக்கம் அரிது, வேறு இடங்களில் நெருக்கம். தெரிந்த ஒரு மரபணு இருக்கும் துண்டுகளையே தேடி எடுத்தால் கணக்கு ஏறிவிடும்.

ஏன் காட்டுச் செடி? சாகுபடி ஸ்ட்ராபெரியில் 56 குரோமோசோம்கள். காட்டுச் செடியில் 14 மட்டுமே, மரபணுத்தொகுதியும் சுமார் 24 கோடி எழுத்துதான். நம் நெல்லுக்கே ஏறத்தாழ 39 கோடி! ரோஜா, ஆப்பிள் குடும்பம் என்பதால் அவற்றுக்கும் உதவும்.

காட்டு ஸ்ட்ராபெரியின் முழு வரிசை 2010 இறுதியில் வெளியானது. மரபணுக்கள் சுமார் 35,000, அதாவது சராசரியாக ஒரு துண்டுக்கு ஐந்தாறு. ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணு இச்செடியில் இல்லவே இல்லை என்று சொல்ல மாதிரி போதாது, முழு வரிசைதான் வேண்டும்.