தம்பி சிகரெட்டை விட்டால் மனநோய் திரும்பிவிடுமா?

சிகரெட்டை நிறுத்தினால் தம்பிக்கு நோய் திரும்பிவிடும், அவனுக்கு இருக்கும் ஒரே ஆறுதலைப் பறிக்காதே என்று அம்மா அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். சிகரெட் தருவதாகத் தோன்றும் நிம்மதி, பெரும்பாலும் நிக்கோடின் குறைந்ததால் வந்த தவிப்பு அடங்குவதுதான். முதல் வாரம் எரிச்சலும் பதற்றமும் இருக்கும், தூக்கம் கெடும். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அதன் பிறகு மனச்சோர்வும் பதற்றமும் முன்பைவிடக் குறைவதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

சிகரெட்டை விட்டதும் வரும் விசித்திரக் கனவுகளுக்குப் பயப்பட வேண்டாம். எடை சில கிலோ ஏறலாம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்கள் கடைசிப் பத்திதான். தம்பி சாப்பிடுவது குளோசபின் என்ற மனநோய் மருந்து. சிகரெட்டை விட்டு எட்டு நாள். இப்போது மதியம் வரை எழுந்திருப்பதில்லை, தலையணை எச்சிலில் நனைகிறது, நடக்கும்போது தள்ளாடுகிறார். இதை 'நல்லாத் தூங்குறான்' என்று விட்டுவிடாதீர்கள். சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள், இந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. அதே மாத்திரை, அதே அளவுதான். ஆனால் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்து கிடுகிடுவென ஏறிவிடும். ஓலான்சபின் என்ற இன்னொரு மனநோய் மருந்துக்கும் இது ஓரளவு பொருந்தும். காபியில் உள்ள கஃபீனும் இப்படித்தான் தேங்கும், அதனால் காபியைப் பாதியாக்குங்கள்.

இன்றே அவருடைய மனநல மருத்துவரைக் கூப்பிட்டு, "சிகரெட்டை விட்டுவிட்டார்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து அவர் குறைப்பார். வலிப்பு, குழப்பம், எழுப்பினாலும் எழாத மயக்கம், மலம் போகாமல் வயிறு உப்பி வலிப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இணையத்தில் படித்துவிட்டு மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அடியோடு நிறுத்தவும் கூடாது. குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால், மறுபடி மிகச் சிறிய அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் அம்மா பயப்படும் நோய் உண்மையாகவே திரும்பக்கூடும்.

நிக்கோடின் பட்டையைத் தாராளமாக ஒட்டலாம். அது தவிப்பைக் குறைக்கும். மருந்து ஏறுவதை மட்டும் தடுக்காது, ஏனென்றால் அதற்குக் காரணம் புகை, நிக்கோடின் அல்ல. சிகரெட்டை விட உதவும் வரெனிக்லின் மாத்திரை பைத்தியமாக்கும் என்று நீங்கள் படித்தது பழைய கதை. அமெரிக்காவில் 2009-இல் அதன் மேல் ஒரு கடும் எச்சரிக்கை போட்டார்கள். பிறகு சுமார் 8,000 பேரிடம், அதில் பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள், சோதித்துப் பார்த்து 2016-இல் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், தம்பி மறுபடி புகைக்கத் தொடங்கினால் திட்டாதீர்கள், மறைக்கவும் விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு அப்போது கீழே இறங்கும், அதற்கேற்ப மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும்.